இடப்பக்கம் நான்கு, வலப்பக்கம் ஐந்து

பால்கனிக்குக் கண்ணாடி போட வைத்திருந்த பணம்
வால்நட் மரத்தில் இரண்டு கிண்ணங்களாக வந்து இறங்கியது.
பனிக்காற்று இன்னொரு வருடம் வரட்டும் என்றேன்.
க்வெதா ஒன்றும் சொல்லவில்லை.
அவள் ஒன்றும் சொல்லாததற்கு
எங்கள் எட்டாவது மாடியில் தனிச் சத்தம் உண்டு.

பிர்னோவில் எங்கள் கட்டடம்
கான்கிரீட் பலகைகளை நிறுத்திவைத்து ஒட்டியது.
மேல்வீட்டு ஷிமுனெக் தும்மினால்
கீழ்வீட்டில் வாழ்த்துச் சொல்வார்கள்.
அதனால்தான் மூடிய வகை ஹெட்போன்.
ஒரு சொட்டு வெளியே சிந்தக் கூடாது.

முதல் இரவு,
டபுள் பாஸ் வாசிப்பவனை
யாரோ பக்கத்து அறைக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள்.
வில் இருந்தது, விரல் இருந்தது,
மரத்தின் வயிறு இல்லை.

கேபிளை மாற்றினேன். ஆம்ப்ளிஃபயர் கடன் வாங்கினேன்.
ஃபிரிட்ஜை அணைத்துப் பார்த்தேன்,
ஒன்றும் ஆகாதென்று தெரிந்தே அணைத்தேன்,
மறுநாள் பால் திரிந்திருந்தது.
பேரிங் ஆலையில் இருபத்தாறு வருடம்,
மயிரிழைப் பிசகைக் கட்டைவிரலால் கண்டவன் நான்.
கடைக்காரனுக்கு இரண்டு கடிதம் எழுதினேன்.
இரண்டாவதில் மரியாதை குறைவு.

பிசகு என் மூக்கின்மேல் உட்கார்ந்திருந்தது.

மூக்குக்கண்ணாடியின் காம்பு
தோல் மெத்தையைக் காதோரம் தூக்கிப் பிடித்த சந்து
தீக்குச்சி நுழையும் அளவு.
அந்தச் சந்து வழியாக
ஆள் உயர வாத்தியம் ஒன்று
இரண்டு வாரமாய் வெளியேறிக்கொண்டிருந்திருக்கிறது.

கழற்றினேன்.
வந்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு,
மூச்சு வாங்கியபடி
என் தாடைக்கு அடியில் உட்கார்ந்தான்.
எதிரே அலமாரி கரைந்து பழுப்பானது.
கடிகாரத்துக்கு முள் இல்லை.
சமையலறை வாசலில் க்வெதா
நீலமாய் ஏதோ அசைவது.

பிறகு இறுக்கம்.
அரைமணியில் நெற்றிப்பொட்டு இரண்டும் தெறிக்கும்.
ஆலைத் தொப்பியே பொருந்தாத தலை எனக்கு.
ரொட்டி அச்சின் குறுக்கே
ஆறு இரவு விரித்து வைத்தேன்.
காலைக்கு ஒரு நூல் தளர்ந்தது.
அதிகம் தளர்ந்தால் அவன் மறுபடி பக்கத்து அறைக்குப் போய்விடுவான்,
எனவே ஏழாவது இரவு
அச்சில் ரொட்டி.
மெத்தையின் தடித்த பக்கம் காதுக்குப் பின்னால்.
வளையத்தில் படிகள்: இடப்பக்கம் நான்கு, வலப்பக்கம் ஐந்து.
என் காதுகள் ஒரே உயரத்தில் இல்லை என்று
ஐம்பத்தெட்டு வயதில் தெரிந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை
எடுத்து மாட்டினால் காதுமடல் மடங்குகிறது.
தடவிப் பார்த்தேன்.
இரண்டு. இரண்டு.
காதுகள் சமமாக உள்ள யாரோ.
மெத்தை மடிப்பில் சாம்பல் நிறத்தில் ஒரு முடி,
என் தலையில் அந்த நீளத்துக்கு எதுவும் மிச்சமில்லை.
பிளேயரில் மொராவியப் பித்தளை வாத்தியக் குழு,
எங்கள் கல்யாணத்தில்
'இந்த இரைச்சல் வேண்டாம்' என்று
அவளே நிறுத்திய வகை.
வால்யூம், நான் வைப்பதைவிட இரு மடங்கு.

ஏன் இவ்வளவு என்று யோசித்தபடி
காபி குடித்தேன், அடியில் தங்கிய தூள் வரை.
அவள் தலை சின்னது.
நான் விரித்த விரிப்பில்
அவளுக்கு எல்லாப் பக்கமும் சந்து.
ட்யூபா முழுக்க வெளியே ஒழுகியிருக்கும்.
ஒழுகியதை ஈடுகட்டத் திருகியிருக்கிறாள்.

கேட்கவில்லை.
பழைய கம்பளிக் கையுறையிலிருந்து
நான்கு விரல் அகலத்துக்குத் துண்டு வெட்டி,
வளையத்துக்கு அடியில் செருகி எடுக்கிற மாதிரி தைத்து,
பக்கத்தில் போட்டுவைத்தேன்.
ஷிமுனெக் தும்மினான்.
நான் ஷிஃப்டுக்குப் போய்விட்டேன்.

இப்போதெல்லாம் இரவு எழும்போது
இரண்டு, இரண்டில் வைத்துவிட்டுப் படுக்கிறேன்.
மறுநாள் எடுத்தால் நான்கு, ஐந்து.
கம்பளித் துண்டு வேறு இடத்தில் கிடக்கிறது.

சில நாள் நான்கு, நான்கு.
வாசல் மணி அடித்திருக்கும்.